கடாரத்துக் கழிமுகத்தில் ஓர் இரவு

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



தலைமையாசிரியர் அவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். கல்வியின் சிறப்பைப் பற்றிப் போன வருஷம் வந்த சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார். எனக்கு மிச்சம் வைக்கவில்லை. ஆகவே நான் நங்கூரத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

கெமாஸ்காரனுக்கு நங்கூரம் எதற்கு? நமக்குத் தெரிந்தது ரயில். கிழக்குக் கரைப் பாதையும் மேற்குக் கரைப் பாதையும் கூடுகிற இடம் நம் ஊர். கடலைப் பார்க்க வேண்டுமானால் போர்ட்டிக்சனுக்கு பஸ் பிடித்தால்தான் உண்டு. நானும் உங்களைப் போல் தோட்டத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழை வாங்கிக்கொண்டு மறுபடியும் தோட்டத்துக்கே பாடம் நடத்த வந்தவன்தான். முழங்கால் தண்ணீருக்கு மேல் போனால் எனக்குப் பயம்.

ஆனால் வகுப்பில் ஒரு பையன் ஒரு கேள்வி கேட்டான். பெயர் சொல்ல மாட்டேன், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். சரித்திரப் பாடம் நடந்துகொண்டிருந்தது. "சார், நம்மள வெள்ளக்காரன்தான கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தான்? அதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க இந்தப் பக்கம் வந்ததே இல்லியா?" என்றான். கடைத்தெருவில் யாரோ அவனை 'வந்தேறி' என்று சொல்லியிருக்கிறார்கள். பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் சட்டென்று, "என்னடா அப்படிக் கேட்கிறாய்? கடாரத்தையே வென்றவன் ராஜேந்திர சோழன்!" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு கை தட்டியது. எனக்கு மட்டும் திருப்தியில்லை. ஒரு சின்னப் பையன் துக்கத்தோடு கேட்ட கேள்விக்கு ஒரு படையெடுப்பைப் பதிலாகக் கொடுத்துவிட்டேனே என்று இருந்தது.

அந்தப் பதிலைத் திருத்துவதற்குத்தான் இன்றைக்கு இந்த மேடை.

என் மனைவியின் அண்ணன் பினாங்கில் படகு பழுது பார்க்கிற பட்டறையில் வேலை செய்கிறார். ஒரு பள்ளி விடுமுறையில், பழுது பார்த்து முடித்த ஒரு பாய்மரப் படகை லங்காவியில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அவருக்கு வந்தது. துணைக்கு ஓர் ஆள் வேண்டும். "சும்மா வாங்க மாப்ளே, காத்து தள்ளும், நீங்க உட்கார்ந்துகிட்டு வந்தா போதும்" என்றார் மச்சான். வழியில் ஓர் இரவு மெர்போக் ஆற்றின் வாய்ப்பக்கம் தங்கலாம், மறுநாள் புஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் ஆசை காட்டினார். கடாரம் என்று நாம் பாடப் புத்தகத்தில் படிக்கிறோமே, அதே கெடா மாநிலத்துக் கழிமுகம். நான் ஒத்துக்கொண்டேன்.

படகு காலையில் புறப்பட்டது. வாந்தி எடுத்த விவரமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். சாயங்காலம் தஞ்சோங் டாவாய் என்ற மீனவர் ஊருக்கு வெளியே போய்ச் சேர்ந்தோம். ஆற்று வாயில் மணல் திட்டு இருக்கிறது. எங்கள் படகின் அடிப்பாகம் ஆறடி தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் உள்ளே போக முடியாது. விடிகாலையில் ஏற்றம் வரும், அதுவரை வெளியிலேயே நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும் என்றார் மச்சான்.

நங்கூரம் என்றால் கனமான இரும்பு, அதைப் போட்டால் அதன் பாரத்தில் படகு நிற்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது தப்பு. மண்வெட்டியைச் சாய்த்து இழுத்தால் மண்ணைக் கவ்வும், நேராக மேலே தூக்கினால் விட்டுவிடும், இல்லையா? நங்கூரமும் அதே கணக்குதான். சங்கிலி கடலடியில் படுத்தவாறு இழுக்க வேண்டும். அதற்காகத்தான் தண்ணீரின் ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுகிறார்கள். அன்றைக்கு இருபதடி தண்ணீர். மச்சான் நூறடிக்கு மேல் விட்டார். எங்கே விட்டாலும் அடியில் சேறா, மணலா, பாறையா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஏறும்போது ஆழம் கூடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்று மாறினால் படகு சங்கிலி நீளத்துக்கு வட்டம் அடிக்கும், அந்த வட்டத்துக்குள் வேறு படகோ திட்டோ இருக்கக் கூடாது. இதெல்லாம் கணக்குப் பாடம். நான்காம் வகுப்புக் கணக்குதான். பெருக்கல் வாய்பாடு எதற்கு என்று கேட்கிற பிள்ளைகள் கவனிக்கவும்.

பழங்காலத்துக் கப்பல்களில் சங்கிலி கிடையாது. தென்னை நார்க் கயிறும், துளையிட்ட கல்லும், கல்லைச் சேர்த்துக் கட்டிய மரக்கொக்கியும்தான். குஜராத்தில் துவாரகைக் கடலடியிலிருந்து அப்படிப்பட்ட கல் நங்கூரங்கள் பலவற்றை எடுத்திருக்கிறார்கள். இன்னொரு விஷயம். 'நங்கூரம்' என்பது பாரசீகக் கடலோடிகளிடமிருந்து நமக்கு வந்த சொல். மலாய்க்காரர்கள் கப்பலை 'காப்பால்' என்கிறார்களே, அது நம்மிடமிருந்து அவர்களுக்குப் போன சொல். கடலில் யாரும் கடன் வாங்காமல் இருந்ததில்லை.

இரவு சாப்பிட்டு முடித்ததும் மச்சான் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு விளக்குகள் தெரிந்தன. "மாப்ளே, இந்த ரெண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா தெரியுதில்ல? அப்படியே தெரிஞ்சா படகு எடத்துலயே நிக்குதுன்னு அர்த்தம். ரெண்டும் விலகிப் போச்சுன்னா நங்கூரம் இழுத்துக்கிட்டு ஓடுதுன்னு அர்த்தம். என்ன எழுப்பிடுங்க. தூங்கிடாதீங்க" என்றார். அதாவது ஜாகா வேலை. ராத்திரி முழுக்கத் தோட்டத்துக் கிடங்கைக் காவல் காத்த ஒரு மனிதரின் பேரன் நான். இதுகூடவா தெரியாது என்று நினைத்தேன்.

நல்ல அமைதி. கரைக்காற்று மெதுவாக நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசியது. பகலில் கடலிலிருந்து நிலத்துக்கும், இரவில் நிலத்திலிருந்து கடலுக்கும் காற்று வீசும் என்று அறிவியல் வகுப்பில் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை முகத்தில் உணர்ந்தேன். இரண்டு மணி வரை பார்த்தேன். மூன்று மணிக்கு நான் தூங்கியிருந்தேன்.

அது தென்மேற்குக் காற்றுக் காலம். அந்த மாதங்களில் சுமத்திராப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் திடீரென்று ஒரு புயல்காற்று மலாக்கா நீரிணையைக் கடந்து வரும். 'சுமத்திரா' என்றுதான் அதற்குப் பெயர். மேற்குக் கரையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். மழை முகத்தில் அறைந்ததும் விழித்தேன். விளக்குகளைத் தேடினேன். ஒன்று இங்கே, ஒன்று அங்கே. நிலத்திலிருந்து வந்த காற்றில் ஒரு பக்கமாக மண்ணைக் கவ்வியிருந்த நங்கூரத்தை, கடலிலிருந்து வந்த காற்று எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் பிடுங்கிவிட்டது. படகு கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அடிப்பாகம் சேற்றில் இரண்டு தடவை முட்டியது. அந்த முட்டலை இன்றைக்கும் என் முதுகெலும்பு மறக்கவில்லை.

நான் போட்ட சத்தத்தில் மச்சான் எழுந்து ஓடிவந்தார். என்னைத் திட்டவில்லை, அதற்கு நேரமில்லை. இயந்திரத்தை முடுக்கினார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரம். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. வற்றிக்கொண்டிருந்தால் படகு சேற்றில் சாய்ந்து படுத்திருக்கும். ஆழத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் நங்கூரம் போட்டு, இருவரும் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். தப்பு முழுக்க என்னுடையது. வகுப்பில் தூங்குகிற பிள்ளைகளை எழுப்பும்போது இனி என் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கும்.

மழை விட்டதும் வடக்கே மேகத்துக்குள்ளிருந்து ஒரு மலை எழுந்து வந்தது. ஜெராய் மலை. 1,217 மீட்டர் உயரம். கடலோரத்திலேயே தனியாக நிற்பதால் வெகுதூரத்திலிருந்தே தெரியும். வங்கக் கடலைத் தாண்டி வந்த பழைய கப்பல்காரன் திசை பிடித்தது இந்த மலையை வைத்துத்தான். எனக்கு இரண்டு விளக்குகள், அவனுக்கு ஒரு மலை. அவன் என்னைப் போல் தூங்கியிருக்க மாட்டான் என்று நம்புகிறேன்.

அப்போதுதான் ஒரு சின்னப் படகில் ஒரு மலாய் முதியவர் வந்தார். மீன் பிடிக்கப் போகிறவர். எங்கள் நிலைமையைப் பார்த்துவிட்டு "இக்குட் சாயா" என்றார். என் பின்னால் வாருங்கள் என்று அர்த்தம். திட்டு எங்கே இருக்கிறது, எங்கே ஆழம் என்பது எந்தப் படத்திலும் இல்லாத அளவுக்கு அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு தடவை வளைந்து, ஒரு தடவை நின்று, எங்களை உள்ளே கொண்டுபோய்த் துறையில் விட்டார். குடிதண்ணீர் பிடிக்கக் குழாயைக் காட்டினார். பணம் நீட்டினோம், வாங்கவில்லை. என் மனைவி கட்டிக் கொடுத்திருந்த முறுக்கு டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டார். நாங்கள் அவரைப் பாக்சிக் என்றுதான் கூப்பிட்டோம். அவர் பெயரைக் கேட்க மறந்துவிட்டோம்.

அன்று பகலில் புஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்தோம். புக்கிட் பத்து பகாட் என்ற இடத்தில், ஜெராய் மலையடியில், ஓடைப் பக்கத்தில் கருங்கல்லால் கட்டிய ஒரு கோயிலின் அடித்தளம் இருக்கிறது. 1960-இல் சிதறிக் கிடந்த கற்களை எடுத்து அடுக்கி நிறுத்தினார்கள். கருவறை, முன்மண்டபம், தூண் நின்ற கல். கூரை மரத்தால் ஆனது, மக்கிப் போய்விட்டது. இன்னும் சில பழங்கோயில்களின் அடித்தளங்களை வேறு இடங்களிலிருந்து பெயர்த்து வந்து பக்கத்து அருங்காட்சியகத் திடலில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று பெங்காலான் புஜாங்கிலிருந்து வந்தது. பெங்காலான் என்றால் படகுத்துறை. இன்றைக்கு அந்த ஊரைச் சுற்றி வயல். ஆனால் அங்கே தோண்டியபோது சீனத்துப் பீங்கான் துண்டுகளும், மேற்காசியக் கண்ணாடியும், மணிகளும் கிடைத்தன. சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டிய இடமோ செம்பனைக்கு நடுவே இருக்கிறது. இரும்பு உருக்கிய இடங்கள், களிமண் காற்றுக்குழாய்கள், செங்கல்லால் கட்டிய படகுத்துறை. அது எவ்வளவு பழையது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் பேச்சு இருக்கிறது.

செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் படகுத்துறை எப்படி வந்தது? நூற்றாண்டு நூற்றாண்டாக ஆறு கொண்டுவந்த வண்டல் சேர்ந்து கடல் பின்வாங்கிவிட்டது. அவர்கள் நங்கூரம் போட்ட குடா இன்றைக்கு வயலாகவும் தோட்டமாகவும் இருக்கிறது. நாங்கள் தங்கிய இடம் அவர்களுக்கு நடுவழி.

நாங்கள் ஓர் இரவு காத்திருந்தோம். அவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தென்மேற்குக் காற்றில் இந்தியக் கரையிலிருந்து வந்த பாய்மரம், திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வரும்வரை இங்கேயே கிடக்க வேண்டும். 671-இல் சீனத்திலிருந்து புறப்பட்ட இ-சிங் என்ற புத்த பிக்கு, சுமத்திராவில் தங்கி, பிறகு இந்தக் கடாரத்தில் தங்கி, 673-இல்தான் வங்கக் கரையிலுள்ள தாமிரலிப்தி போய்ச் சேர்ந்தார். காத்திருக்கிற மனிதனுக்கு என்னென்ன வேண்டும்? குடிதண்ணீர், அரிசி, படகைச் செப்பனிட மரம், சரக்கு வைக்க இடம், பயம் போக ஒரு சாமி. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபா பக்கம் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு எதைப் பற்றியது தெரியுமா? போரைப் பற்றியல்ல. ஒரு குளத்தைப் பற்றி. அவனிநாரணம் என்று பெயர். அதை மணிக்கிராமத்து வணிகரும் மற்றவர்களும் காக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். கெடாவுக்குத் தெற்கே செபராங் பிறையில் 1834-இல் கிடைத்த ஒரு கல்லிலோ புத்தகுப்தர் என்ற கப்பல் தலைவர், போகிற பயணம் நல்லபடி முடியட்டும் என்று சமஸ்கிருதத்தில் வேண்டிக்கொண்டிருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டு. அவர் தமிழரும் அல்லர், வங்கத்துப் பக்கத்து ஆள் என்கிறார்கள்.

ஆகையால் பெற்றோர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கடாரம் முழுக்க நாம்தான் கட்டினோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். இரும்பு உருக்கியது, காட்டுக்குள்ளிருந்து சரக்குக் கொண்டுவந்தது, துறையை ஆண்டது எல்லாம் இந்த மண்ணின் மக்கள். அரேபியர் வந்தார்கள், சீனர் வந்தார்கள், வங்கத்தார் வந்தார்கள், நாமும் வந்தோம். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறேன். நாம் வந்தது பொய்யில்லை. பட்டினப்பாலை என்ற சங்கநூலில் காவிரிப்பூம்பட்டினத் துறையில் வந்து இறங்கிய சரக்குகளில் காழகத்துப் பொருளும் உண்டு. காழகம் என்றால் கடாரம் என்று பழைய உரைகாரரே சொல்லியிருக்கிறார். 1025-இல் ராஜேந்திரன் படை வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால், 1006 வாக்கில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்ட, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே ராஜராஜன் தானமாக விட்டான். அங்கிருந்து இங்கே வந்து கோயில் கட்டியதைப் போல, இங்கிருந்தும் அங்கே போய்க் கட்டியிருக்கிறார்கள். படை வந்தது ஓரிரு தடவை. நங்கூரம் போட்டது பல நூறு வருஷம்.

நாகப்பட்டினம் என்றதும் என் பாட்டி ஞாபகம் வருகிறது. ஆறு வயதில் அங்கிருந்துதான் கப்பலேறி வந்தார். ராஜூலா கப்பல் என்பார். கப்பல் கரைக்கு வராதாம், கடலில் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்குமாம். படகில் கொண்டுபோய் ஏற்றுவார்களாம். ஏணியில் ஏறும்போது அம்மாவின் சேலையைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்வார். அந்தக் கடற்கரையில்தான் சூடாமணி விகாரத்தின் கடைசிக் கோபுரம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. கப்பல்காரர்கள் கரையை அடையாளம் கண்டதே அதை வைத்துத்தான். 1867-இல் அதை இடித்தார்கள், அரசாங்கத்தின் அனுமதியோடு. என் பாட்டி வந்த காலத்தில் அது இல்லை. இருந்திருந்தால், தான் போகிற நாட்டு ராஜா கட்டியது என்று யாராவது ஒரு பெரியவர் அந்தக் குழந்தைக்குக் காட்டியிருக்கலாம்.

இடிப்பது வெள்ளைக்காரன் காலத்தோடு முடியவில்லை. புஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் போட்டிருந்த பழங்கோயிலின் அடித்தளத்தை, வீடமைப்புக்காக நிலம் திருத்தியவர்கள் இயந்திரம் வைத்துத் தள்ளிவிட்ட சங்கதி 2013-இல் வெளியே வந்தது. நாடெங்கும் பேச்சு எழுந்தது. அந்தக் கல் போனது போனதுதான். துருக்கியில் கெக்கோவா என்ற இடத்தில் நீரில் மூழ்கிய பழைய ஊர் ஒன்று இருக்கிறது. நங்கூரம் சுவரைப் பெயர்த்துவிடும் என்று அதன் மேல் நங்கூரம் போடவே தடை. நம் ஊர்களிலோ இயந்திரம் ஓட்டுகிறவருக்கு அது வெறும் செங்கல் குவியல். யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் கான் வெட்டுகிறீர்கள், மறுநடவுக்கு மண் புரட்டுகிறீர்கள், இயந்திரம் ஓட்டுகிறீர்கள். வேறு மாநிலத் தோட்டங்களுக்கும் வேலைக்குப் போகிறீர்கள். மண்ணுக்குள் பழைய செங்கல் வரிசையோ, செதுக்கின கல்லோ, பாசிமணியோ கண்டால் கொஞ்சம் நிறுத்துங்கள். மாவட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் சொல்கிறது. மணியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குக் கோத்துப் போட்டுவிடாதீர்கள்.

நம் மாநிலத்திலேயே ஒரு பழைய துறை இருக்கிறது. லிங்கி ஆற்றங்கரையில் பெங்காலான் கெம்பாஸ். அங்கே 1467-ஆம் ஆண்டுக் கல்வெட்டோடு ஒரு கல்லறையும், அதைச் சுற்றிச் செதுக்கிய நெடுங்கற்களும் நிற்கின்றன. ஒன்றுக்கு வாள் என்று பெயர், ஒன்றுக்குக் கரண்டி, இன்னொன்றுக்குச் சுக்கான். கப்பலின் சுக்கான்தான். கெடாவுக்குப் போய்வர ரயிலுக்கும் தங்குவதற்கும் செலவாகும், எல்லாராலும் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே தலைமையாசிரியரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வருகிற தவணை விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை ஐந்தாம் வகுப்பும் ஆறாம் வகுப்பும் பெங்காலான் கெம்பாஸ் போகிறோம். பஸ் செலவில் பாதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொள்கிறது. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவேன். கட்டுச்சோறு அவரவர் வீட்டிலிருந்து. முறுக்கு இருந்தால் கூட ஒரு டப்பா கொடுத்துவிடுங்கள், வழியில் யாருக்காவது தேவைப்படும்.

கேள்வி கேட்ட பையன் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்தக் கேள்வியை அங்கே போய் இன்னொரு தடவை கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

பரிசுகள் மேசையில் காத்துக்கொண்டிருக்கின்றன.